நாய்க்கு எலும்பு போடலாமா?

(கால்நடை மருத்துவ முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வேண்டியவற்றை மருத்துவர் அவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். அவற்றையெல்லாம் இரவு முழுதும் விழித்திருந்து காக்கும் பிராணியைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் எவரும் பேசுவதில்லை. முகாமுக்கு மாட்டை ஓட்டி வருகிறோம். ஆட்டைப் பிடித்து வருகிறோம். நாய் தானாகப் பின்தொடர்ந்து வந்து மரத்தடியில் படுத்திருக்கிறது. எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தை அதற்கு ஒதுக்க விரும்புகிறேன்.

கேள்வி ஒன்றுதான். கறி சமைத்து உண்டபின் இலையில் மிஞ்சும் எலும்பை நாய்க்குப் போடலாமா? தாய்மார்கள் சிலர் நகைக்கிறீர்கள். ‘நாய்க்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவது?’ என்பது அந்த நகைப்பின் பொருள். ஆயினும் என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன்: சமைத்த எலும்பைப் போடலாகாது. பச்சை எலும்பும் நாம் எண்ணுவதுபோல் தீங்கற்றது அன்று.

எலும்பு என்பது வெறும் கல் போன்ற பொருள் அன்று. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். உப்பு எலும்புக்கு உறுதி தருகிறது. நார் அதற்கு வளையும் தன்மை தருகிறது. பள்ளி ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். ஒரு கோழிக்கால் எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவிட்டால் உப்பு கரைந்து, எலும்பு ரப்பரைப் போல வளையும். மற்றொன்றை அடுப்பு நெருப்பில் சுட்டால் நார் எரிந்து, கைபட்டவுடன் நொறுங்கும். சமையலில் நிகழ்வது இரண்டாவதற்கு நெருக்கமானது. கொதிநீரிலும் எண்ணெயிலும் வெந்த எலும்பில் நார் கெட்டுவிடுவதால், நாய் கடிக்கும்போது அது வளையாமல் பிளக்கிறது. கோழியின் கால் எலும்பு மெல்லியது, உள்ளே வெற்றிடம் உடையது. அது நீளவாக்கில் பிளந்து ஊசிபோல் கூர்மை அடைகிறது. நாயோ மென்று தின்னும் பிராணி அன்று. கடித்து விழுங்கும் பிராணி. பக்கத்தில் இன்னொரு நாய் நின்றால் கடிப்பதும் இல்லை.

விழுங்கிய துண்டு உணவுக்குழாயில் மூன்று இடங்களில் சிக்கக்கூடும்: மார்பின் வாயிலில், இதயத்தை ஒட்டிய இடத்தில், இரைப்பைக்குச் சற்று முன்னால். சிக்கினால் நாய் எச்சிலை வடிக்கும். கழுத்தை நீட்டி ஓங்கரிக்கும். ஆகாரத்தை முகர்ந்துவிட்டு விலகும். குழாயில் துளை விழுந்தால் மார்பினுள் சீழ் பிடிக்கும். தப்பி வயிற்றுக்குள் சென்ற துண்டு குடலைக் கிழிக்கலாம்; அல்லது பொடியாகிச் சுண்ணாம்புக் கட்டிபோல் மலக்குடலில் இறுகலாம். நல்லி எலும்பில் வளையமாக வெட்டிய துண்டு கீழ்த்தாடையில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு, அதை மருத்துவர் அறுத்தெடுக்க நேர்வதும் உண்டு.

சென்ற கோடையில் ஒரு கிடையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கிருந்த இரு நாய்களில் ஒன்று மூன்று நாட்களாகத் தண்ணீர் கூட இறங்காமல் கிடந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்திருக்கிறார்கள். கீதாரி முதியவர்; தமக்குத் தெரிந்த வைத்தியமாக விளக்கெண்ணெய் புகட்டியிருந்தார், சோற்றை உருட்டித் தொண்டைக்குள் திணித்தும் பார்த்திருந்தார். மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினோம். எக்ஸ்ரே படத்தில் தொடை எலும்பின் பிளவு தெளிவாகத் தெரிந்ததாம். நாய் பிழைக்கவில்லை. “நல்ல துண்டாகப் பார்த்துத்தானே ஐயா போட்டேன்” என்றார் அவர். ஆட்டுக்குட்டியைக் கடிக்காமலும் குள்ளநரியை விடாமலும் இருக்க அந்த நாயைப் பழக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கிடைக்கு அது எத்தகைய இழப்பு என்பதைக் கீதாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறேன். எலும்பு சிக்கியதாக ஐயம் ஏற்பட்டால் எண்ணெய் புகட்டாதீர்கள். சோற்றுருண்டை, வாழைப்பழம் எதையும் திணிக்காதீர்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். கூரிய பொருள் இறங்கும்போது கிழித்தது போதாதென்று ஏறும்போதும் கிழிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கைவிட்டு இழுக்கவும் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இயலாவிடில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வாயிலாகத் தெரிவியுங்கள்.

‘எங்கள் பாட்டன் காலத்து நாய்களெல்லாம் எலும்பு தின்றுதானே வாழ்ந்தன?’ என்று ஒரு பெரியவர் கேட்க எண்ணுவது எனக்குத் தெரிகிறது. வாழ்ந்தவற்றைத்தான் நாம் கண்டோம். நோயுற்ற நாய் வேலியோரம் போய்ப் படுத்து இறந்துவிடும். எதனால் இறந்தது என்று எவரும் பார்த்ததில்லை. மேலும், அக்காலத்தில் பல வீடுகளில் கறி என்பது கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டுமே. இன்று ஏறத்தாழ ஆறே வாரம் வளர்ந்த கறிக்கோழி வாரந்தோறும் அடுப்பேறுகிறது. அந்த எலும்போடு வெங்காயமும் பூண்டும் ஒட்டியிருக்கின்றன. இவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்பது பலரும் அறியாத செய்தி. பட்டணத்துக் கடைகளில் உறையிட்டு விற்கும் பதப்படுத்திய எலும்பும் விலக்கன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அத்தகைய எலும்புகளால் நாய்கள் நோயுற்றதாக 2010ஆம் ஆண்டு இறுதி முதல் 2017 செப்டம்பர் வரை தனக்கு ஏறத்தாழ 68 முறையீடுகள் வந்ததாகவும், சுமார் 15 நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் அறிவித்தது.

நிற்க. பச்சை எலும்பைப் பார்ப்போம். அதில் நார் கெடாமல் இருப்பதால் எளிதில் பிளப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மாட்டின் கால் எலும்பு மிகவும் உறுதியானது; மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் அதில் பிளந்துபோவது உண்டு. நகத்தால் அழுத்தித் தடம் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதிருப்பது நல்ல வழக்கம். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். நாய் அதை இழுத்துப்போட்டுத் தின்னும் திண்ணையில்தான் நம் வீட்டுக் குழந்தை தவழ்கிறது.

இதனினும் பெரிய தீமை ஒன்று உண்டு. நம் ஊர்களில் பச்சை எலும்பு தனியாக நாய்க்குச் சேர்வதில்லை. ஆடு உரித்த இடத்தில் எலும்போடு ஈரலும் நுரையீரலும் சேர்ந்தே எறியப்படுகின்றன. ஆட்டின் ஈரலில் சில சமயம் நீர் நிறைந்த கட்டிகள் இருப்பதை இறைச்சி வெட்டுவோர் அறிவார்கள். ‘இது ஆகாது’ என்று அந்தப் பகுதியை அறுத்து நாய்க்கு வீசுகிறார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் குடலை அடைந்ததும் அது ஆறேழு வாரங்களில் முதிர்ந்து முட்டையிடுகிறது. புழுவின் நீளம் சில மில்லிமீட்டரே. நாய்க்கு நோவும் தோன்றாது. முட்டைகள் மலத்தோடு வெளிவந்து புல்லிலும் நீரிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டுகின்றன. ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு மறுபடியும் கட்டி. நாயைத் தடவிய கையோடு குழந்தை சோறு உண்டால், அக்குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி. அது பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. பல வேளைகளில் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். கறி உண்பதால் இந்நோய் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டியை நாய் உண்பதால்தான் வருகிறது. ஆகவே இறைச்சி உண்ணாத வீட்டுக் குழந்தைக்கும் வரலாம்.

இதை ஒழித்த நாடுகள் உண்டு. ஆடு வளர்ப்பையே பெரிதும் நம்பியிருந்த ஐஸ்லாந்துத் தீவில் இந்நோய் ஒரு காலத்தில் மிகுதி. 1863ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராப்பே என்னும் அறிஞர் அங்குச் சென்று நாய்களைச் சோதித்தார். அவர் எழுதிய சிறு நூலை அரசு மறு ஆண்டே மக்களிடம் பரப்பியது. 1890இல் சட்டமும் வந்தது. கட்டியுள்ள உறுப்பை நாய் எட்டாதபடி அழிப்பதே அதன் சாரம். இன்றுள்ள மருந்துகள் அக்காலத்தில் இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அத்தீவிலிருந்து மறைந்தது. நியூசிலாந்தும் பல்லாண்டு முயற்சிக்குப் பின் 2002இல் இந்நோயினின்று விடுபட்டதாக அறிவித்தது. சட்டத்தைவிட அச்சிறு நூலே பெரிய வேலை செய்தது என்பது என் எண்ணம். அலுவலகத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

அப்படியானால் நாய்க்கு என்ன தருவது? சோறோ கேழ்வரகுக் களியோ, அதனுடன் அவித்த முட்டை, எலும்பு நீக்கிய வெந்த கறி, மோர் இவற்றுள் இயன்றது போதும். வெங்காயமும் காரமும் சேர்க்குமுன் எடுத்து வைத்த எலும்புச் சாறு ஒரு கரண்டி ஊற்றினால் களியை மிச்சமின்றி நக்கும். ஈரல் தர விரும்பினால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டுத் தாருங்கள். குக்கரில் விரலால் மசியும்வரை வெந்த எலும்பு குத்தாது. ஆனால் மிகுந்தால் மலம் இறுகும். அதனால் வரும் பலனும் பெரிதன்று.

இலையில் மிஞ்சிய எலும்பைக் குப்பைமேட்டில் போட்டால் தெருநாய்கள் கூடும். போடாமல் விட்டதன் பயனே போய்விடும். அதைத் தனியே கட்டித் தூய்மைக் காவலரிடம் கொடுக்கலாம். தோட்டம் உள்ளவர்கள் சுட்டு இடித்துத் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் அடியில் ஆழப் புதைத்தால் நல்ல உரம். இறைச்சிக் கடைக்காரர்கள் கழிவுக்கு மூடியுள்ள குழி வைக்க வேண்டும் என்று தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கிடை நாய்களுக்கான புழு மாத்திரை, பிராசிகுவான்டெல், மருத்துவர் அவர்களிடம் இருக்கிறது. எடைக்கு ஏற்ப அளவு மாறுமாகையால் மாத்திரையை மட்டும் வாங்கிச் செல்லாமல் நாயையும் அழைத்து வாருங்கள். முகாம் மாலை ஐந்து மணி வரை நடைபெறும். மாத்திரை கொடுத்தபின் இரண்டு நாட்கள் நாயைக் கட்டி வைத்து, அதன் மலத்தை ஆழமாகப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அடுத்த வேளை மாத்திரை எப்போது என்பதை அவர் அட்டையில் எழுதித் தருவார்.