வீட்டுத் தோட்டம் போடப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி சித்தேரிக்குப் போயிட்டு வருவோம்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

கொஞ்ச நாளா நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்புறீங்க: "வீட்டுல தோட்டம் போடணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி ஐடி வேலையில இருக்கிறவங்க. கேள்வி கூடவே ஒரு லிஸ்ட்டும் வருது. எந்த க்ரோ பேக் வாங்கலாம், எந்த சொட்டுநீர் டைமர் நல்லது, எந்த உரம் போடலாம். அதாவது தோட்டம்னாலே முதல் வேலை வாங்குறதுன்னு நமக்குப் பழகிப்போச்சு. இன்னைக்கு அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பேசலாம்.

தர்மபுரி மாவட்டத்துல அரூர்ல இருந்து மலையேறினா சித்தேரி. கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி. மலை மேல சின்னச் சின்ன ஊர்களா சிதறிக் கிடக்கும். அங்க வாழ்றவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க, அவங்க பேசுறது தமிழ். சாமை, கேழ்வரகு விதைக்கிற மண். நான் அங்க போய்ப் பார்த்த வீடுகள்ல யாரும் "தோட்டம் வச்சிருக்கோம்"னு சொல்லல. ஆனா வீட்டைச் சுத்திச் சாப்பிடுற பொருள் இருந்தது. பாத்திரம் கழுவுற இடத்துல வாழை, வேலி மேல அவரை, ஓரத்துல ஆமணக்கு, கூரை மேல பூசணிக் கொடி.

ஒரு பாட்டிகிட்ட, "பாட்டி, புதுசா செடி வைக்கிறவங்க என்ன வைக்கலாம்?"னு கேட்டேன். அவங்க என்னைத் திருப்பிக் கேட்டாங்க: "உங்க வீட்டுல என்ன தம்பி தினமும் ஆக்குவீங்க?" நம்ம மொழியில சொன்னா இதுதான் ரெக்வயர்மென்ட். அதை எழுதாம கோடு எழுத உட்கார்ந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வீட்டுல யாரும் தொடாத ப்ராக்கோலியை மொட்டை மாடியில வளர்த்து என்ன பண்றது? வாரத்துக்கு ரெண்டு நாள் கீரை, தினமும் கறிவேப்பிலை, பச்சை மிளகாய். அப்போ அதுல இருந்துதான் தொடங்கணும்.

அடுத்தது காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை"ங்கிற பழமொழியை நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். அதுக்குள்ள இருக்கிற அறிவியலை யாரும் சொல்லித் தந்ததில்ல. அவரையை எடுத்துக்கோங்க. பந்தல்ல ஏத்துற நாட்டு அவரை, பகல் நேரம் குறையும்போது பூக்கிற செடி. ஆடியில விதைச்சா மழையில கொடி நல்லா ஓடி, கார்த்திகை, மார்கழியில பகல் சுருங்கும்போது பூத்துக் காய்க்கும். அதே விதையைத் தை கடைசியில போட்டா, பகல் நீண்டுகிட்டே போகும், கொடி இலையா மட்டும் போகும். நீங்க உரம் சரியில்லைன்னு கடைக்கு ஓடுவீங்க. பிரச்சினை உரத்துல இல்ல, காலண்டர்ல இருக்கு. அதனால வெயில் தகிக்கிற சித்திரையில முதல் தோட்டம் தொடங்க வேண்டாம். ஆடி, ஆவணி நல்ல நேரம். அதைத் தவறவிட்டா புரட்டாசி, ஐப்பசியில கீரை, முள்ளங்கி, தக்காளின்னு தொடங்கலாம். கனமழை கொட்டுற ஊர்னா நாற்றுக்கு மேல ஒரு மறைப்பு வேணும்.

மூணாவது வெயிலும் எடையும். ஒரு லீவு நாள்ல காலையில ஏழு மணியில இருந்து சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும், மணிக்கு ஒரு தடவை பால்கனியையோ மாடியையோ போட்டோ எடுங்க. எந்த மூலையில எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு தெரிஞ்சிடும். காய் காய்க்கிற செடிக்கு, அதாவது தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டைக்கு, ஆறு மணி நேர நேரடி வெயில் வேணும். நாலு மணி நேரம்தான் கிடைக்குதுன்னா கீரை, புதினா போதும்னு ஏத்துக்கோங்க. எடை கணக்கு இன்னும் முக்கியம். ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பையில சுமார் 20 லிட்டர் பிடிக்கும். ஈர மண் நிரப்பினா 25 கிலோவைத் தாண்டும். 20 பை வச்சா அரை டன். அதனால பையை மாடி நடுவுல குவிக்காதீங்க, கீழே சுவரோ பீமோ போற இடமா பார்த்து வைங்க, பழைய கட்டடம்னா ஒரு பொறியாளர்கிட்ட கேளுங்க. எடை குறையணும்னா தென்னைநார்க் கழிவும் மட்கிய தொழு உரமும் கலந்துக்கலாம். நார்க் கழிவை ரெண்டு மூணு தண்ணி விட்டு அலசிட்டுப் பயன்படுத்துங்க, அதுல உப்பு இருக்கும்.

செலவைப் பத்தி ஒரு வார்த்தை. தோட்டக்கலைத் துறையை நிறைய பேர் மறந்துடுறோம். 2021-22ல தொடங்கின முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்துல, நகரத்துக்கு 900 ரூபாய் மாடித் தோட்டத் தளையை 225 ரூபாய்க்கும், கிராமத்துக்கு 12 வகைக் காய்கறி விதைப் பொட்டலத்தை 15 ரூபாய்க்கும் கொடுத்தாங்க. திட்டத்தோட பேரும் விலையும் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆன்லைன்ல கிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல இப்போ என்ன இருக்குன்னு கேட்டுடுங்க. தர்மபுரிக்காரங்களுக்குப் பாப்பாரப்பட்டியில வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு.

சரி, இவ்வளவு சிரமம் எதுக்கு? 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்போ, ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு விற்கிற நிலைமை வந்தது. நாலு தக்காளிச் செடி அந்த மாதிரி நெருக்கடியைத் தீர்த்துடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கீரை வேற கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தாவது சுற்றுல, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயதுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்தது. பாதிக்கு மேல! நம்ம வீட்டுப் பெண்களும் அந்தக் கணக்குல இருக்கலாம். கீரை மட்டும் ரத்தசோகையைக் குணமாக்காது, அதுக்கு டாக்டரைத்தான் பார்க்கணும். ஆனா 25 நாள்ல அறுவடைக்கு வர்ற சிறுகீரை, தட்டுல வாரம் ரெண்டு நாள் கூடுதலா விழுந்தா நல்லதுதான். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கோங்க, கீரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க அது உதவும்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், விதை. கடைப் பொட்டலத்துல "எஃப் 1" அல்லது "வீரிய ஒட்டு"ன்னு இருந்தா, அந்தச் செடியோட விதையை எடுத்து வச்சாலும் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரியே வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் திரும்ப வாங்கணும். சப்ஸ்க்ரிப்ஷன் மாதிரிதான். நாட்டு விதை அப்படியில்ல. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிறதால, புதுசா தொடங்குறவங்களுக்கும் விதை எடுக்கிறது சுலபம். நல்லாக் கனிஞ்ச தக்காளியோட சதையைப் பிழிஞ்சு ரெண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழல்ல காய வைங்க. அவரையைக் கொடியிலேயே நெத்தாக விட்டு, உரிச்சு, சாம்பல் கலந்து வைங்க. பூசணி, சுரை விதையைச் சாணியில பதிச்சுச் சுவர்ல ஒட்டி வைக்கிற பழக்கத்தை உங்க பாட்டிகிட்ட கேட்டாலே சொல்வாங்க. அதுல ஒண்ணு, பூசணி பக்கத்து வீட்டுப் பூசணியோட கலந்துடும், அதனால முதல் வருஷம் அதுல விதை எடுக்க வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சித்தேரி மாதிரி மலை ஊர்கள்ல இருந்து ஜனங்க திருப்பூர், கேரளா, பெங்களூருன்னு வேலைக்கு இறங்குறாங்க. அது அவங்களோட தேவை, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்ல. ஆனா ஒரு வீடு பூட்டிக் கிடந்தா, அந்த வீட்டு வேலியில ஓடின அவரையும் நிக்கும். விதை காத்திருக்காது. சில வருஷம் விதைக்காம விட்டா முளைப்புத்திறன் போயிடும். சர்வர் அணைஞ்சு, பேக்கப்பும் இல்லைன்னா எப்படியோ, அப்படி. உங்க பால்கனியில ஓடுற ஒரு கொடி அந்த பேக்கப்போட ஒரு நகல்.

அதனால இந்த வாரத்துக்கு மூணு வேலை. வெயிலைப் போட்டோ எடுங்க. வீட்டுல அடிக்கடி சமைக்கிறதுல இருந்து மூணே மூணு செடியை எழுதுங்க. என் சிபாரிசு சிறுகீரை, மிளகாய், வெண்டை. அப்புறம் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டு, "நம்ம ஊர்ல யார்கிட்டயாவது நாட்டு அவரை விதை இருக்கா?"ன்னு கேளுங்க. பத்து விதை கிடைச்சா போதும். எட்டை விதைச்சுட்டு, ரெண்டைப் பத்திரமா வைங்க.

அசுவினி, மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் பத்தியெல்லாம் அடுத்த எபிசோட்ல பேசுவோம். முதல் கீரை முளைச்சதும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்க.