மின்கலத்தின் மேல் எழுதியிருப்பது யாருக்காக?



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் பேட்டரிக் கட்டையைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்து யாருக்காக எழுதப்படுகிறது என்பதைக் காட்ட இதைவிடச் சிறிய பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

கடிகாரத்திலிருந்தும் பொம்மையிலிருந்தும் கழற்றியெறியப்படும் சிறு மின்கலத்தைக் கடைசியாகக் கையால் தொடுபவர் யார்? அதை வாங்கியவர் அல்லர். குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரும் பழைய இரும்புக் கடையில் வேலை செய்பவருமே. அவர்களுள் எத்தனை பேர் நம் தாய்மார், தமக்கையர் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றும். காசு வடிவிலுள்ள ஒன்றைக் குழந்தை விழுங்கிவிட்டாலோ, இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். நிக்கல்-காட்மியக் கலத்தில் நஞ்சான உலோகம் இருக்கிறது. சாம்பல் நிறமாகவும் வெள்ளி நிறமாகவும் கலந்து கிடக்கும் குவியலில் எது எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நடுவண் அரசின் 2001ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமில பேட்டரிகளை மட்டுமே கருதின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே சிறு கலங்களையும் சேர்த்து, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிச் சின்னம் வேண்டும் என்றன. காட்மியம் 0.002 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் ‘சிடி’, ஈயம் 0.004 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் ‘பிபி’ என்னும் குறியீடு வேண்டும் என்றன. நல்லதே. ஆயினும் வேதியியல் படித்தவருக்கல்லவா அவ்விரண்டு எழுத்தும் பேசும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. கலம் மிகச் சிறியதாகி, சின்னம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடுமானால், அதைப் பொதியுறையில் ஒரு சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டால் போதுமாம். பொதியுறையைப் பிரித்த அன்றே எறிந்துவிடுகிறோம். கலமோ ஓராண்டு கழித்துத்தான் குப்பைக்கு வருகிறது!

ஜப்பானில் மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களின் மறுசுழற்சிச் சின்னத்திற்கு நிறம் வகுத்திருக்கிறார்கள். லித்தியம்-அயனிக்கு நீலம், நிக்கல்-காட்மியத்திற்கு மஞ்சள் கலந்த பச்சை, நிக்கல்-ஹைட்ரைடுக்கு ஆரஞ்சு, ஈயத்திற்குச் சாம்பல். எழுத்தறியாத கையும் நிறத்தை அறியும். கைலி நெய்த இந்தக் குறிஞ்சிப்பாடியில், நூலின் நிறத்தைக் கொண்டே பிரித்தெடுக்கும் திறமை எத்தகையது என்று நான் சொல்லவா வேண்டும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: கலத்தின் உடலிலேயே நிறப்பட்டை, அதன்மேல், இடமிருக்கும் அளவுக்கு, ‘தனியே சேர்க்க’ எனத் தமிழில் இரண்டு சொற்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் இதை விண்ணப்பமாக எழுத, நம் கழகத்தில் படித்த பிள்ளைகள் போதும்.

அதுவரை நம் படிப்பகத்து வாசலில், ஈரம் படாத இடத்தில், மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியொன்றை வைப்போம். தகரப் பெட்டி வேண்டாம். போடுமுன் ஒவ்வொரு கலத்தின் முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் சூடேறும். உப்பியதையும் ஒழுகியதையும் பெட்டியில் போடாமல், தனியே மணலில் வையுங்கள். பெட்டிமேல் ஒட்டும் தாளை எட்டாம் வகுப்பு மாணவிகள் எழுதட்டும், பெரிய எழுத்தில்.