பெரட்டுக்கு வராத இரு தொழிலாளர்கள்

(தோட்ட மண்டபமொன்றில் நிகழ்த்திய உரை)

 

விடியற்காலைப் பெரட்டுக்கு வராமலும் சம்பளம் வாங்காமலும் செம்பனைக் காட்டில் வேலை பார்க்கும் இருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். ஒருவர் எள்ளளவே இருப்பவர். மற்றவரைக் கண்டாலோ நம்மிற் பலர் கல்லெடுக்கின்றோம்.

செம்பனை நம் மண்ணில் தோன்றிய மரமன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவிற்கு வந்து சேர்ந்தவை நான்கே கன்றுகள். நம் நாட்டில் வணிகத்திற்காக அது முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை!

மரம் வந்ததேயன்றி, அதன் பழைய துணைவன் உடன் வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. ஒரே மரத்தில் இரண்டும் ஒரே வேளையில் மலர்வது அரிது. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்துப் பெண் பூவைச் சென்றடைய வேண்டும். அதுவும் பூ விரிந்திருக்கும் இரண்டு மூன்று நாள்களுக்குள். இதனைக் காற்றே செய்கிறது என்றுதான் அறிஞர்களும் நெடுங்காலம் நம்பினர். ஆனால் நம் நாட்டு இளமரங்களில் காய்ப்பிடிப்புக் குறைவாகவே இருந்தது. காற்றுச் செய்யாத வேலையைப் பெண்களின் கைகள் செய்தன.

அவ்வேலை செய்த மூதாட்டி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். ஆண் பூவின் மகரந்தத்தை உலர்த்தி, டால்க் மாவுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண் பூவின்மீது ஊதுவார்களாம். "மட்டை முள்ளு குத்தாத நாளே கெடையாதுங்க ஐயா. பாளை இடுக்குல பாம்பு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கையை விடணும்," என்றார். மழை பெய்தால் மாவு கட்டியாகிவிடும். அன்றைய உழைப்பு வீண்.

காமரூன் நாட்டில் பணியாற்றிய தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், அங்குச் செம்பனைப் பூக்களைச் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கண்டார். காற்றுதான் காரணம் என்ற கருத்தில் அவருக்கு ஐயம் எழுந்தது. பின்னர், பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அங்குச் சென்று ஆராய்ந்து, மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை அவ்வண்டுகளே என்று நிறுவினார். அந்த மூக்குவண்டு மற்றப் பயிர்களுக்குக் கேடு செய்யுமா என்று பலவாறு சோதித்துப் பார்த்த பிறகே இங்குக் கொணர்ந்தனர். 1981ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜொகூரில் அது விடப்பட்டது.

அது வேலை செய்யும் விதம் வியப்பானது. ஆண் பூவில்தான் அது உண்கிறது, முட்டையிடுகிறது, குஞ்சுப் புழுக்களும் அங்கேயே வளர்கின்றன. பெண் பூவில் அதற்கு ஆகாரம் ஏதுமில்லை. ஆயினும் பெண் பூவும் ஆண் பூவைப் போலவே சோம்பு மணம் வீசுகிறது. அதனை நம்பி உடலெல்லாம் மகரந்தத்துடன் வரும் வண்டு, ஏமாந்து திரும்புகிறது. அந்த ஏமாற்றமே நமக்குக் குலையாகிறது!

வண்டு தீபகற்பமெங்கும் விரைந்து பரவியது. குலைகளின் எடை கூடியது, பருப்பும் மிகுந்தது. மாவு ஊதும் வேலை நின்றது. அம்மூதாட்டியை உரம் போட அனுப்பினார்களாம். "வண்டு வந்து எங்க வேலையப் பறிச்சிருச்சு, முள்ளும் எங்களை விட்டிருச்சு," என்று கூறிச் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை.

இந்த வண்டுக்கும் ஒரு பகையுண்டு. குலை வெட்டச் செல்வோர், வாடிய ஆண் பூங்குலைகள் கிழிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அது எலியின் வேலை. பழத்தைத் தின்பதோடு, அது வண்டின் புழுக்களையும் தோண்டித் தின்கிறது.

அந்த எலியைப் பிடிப்பவர்தாம் நம் இரண்டாம் தொழிலாளர்: கூகை எனும் வெள்ளை ஆந்தை. மலாய்மொழியில் ஆந்தைக்குப் 'புருங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை என்று பெயர். நம்மவரோ அது அலறினால் சாவு வரும் என்பர். அலறலால் சாவு வருவது உண்மையே, ஆனால் எலிக்கு! கூகையின் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும். ஓசை இரு காதுகளையும் எட்டும் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே, கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடத்தை அது அறிந்துகொள்கிறது. சிறகோரம் மென்மையான நார்போன்றிருப்பதால், அது பறந்து வருவது எலியின் காதில் விழுவதில்லை.

தோட்டங்களில் கம்பங்களின்மீது மரப்பெட்டிகள் வைக்கப்படுவது கூகை குடியிருப்பதற்கே. அவற்றை உடைப்பதும், முட்டையெடுப்பதும் வேண்டா. வீட்டில் கடும் எலிநஞ்சு வைப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டும்: நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடியக்கூடும்.

கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டியொன்றின் அடியில் கிடந்த அத்தகைய உருண்டைகளை இம்மேசைமீது பிரித்து வைத்துள்ளோம். மாணவர்கள் வரிசையாக வந்து காணலாம். கையால் தொட வேண்டா. இடப்பக்கத் தாளில் இருக்கும் மண்டையோடுகளை எண்ணிப் பாருங்கள். நாம் எண்ணியபோது ஏழு இருந்தன.