ஒளியலையை எழுதி வைத்தல்



1935ஆம் ஆண்டில் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்பது முதலில் அந்நிலையத்தின் பெயரே. அங்கிருந்து புறப்பட்ட வானொலி அலைக்கும், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட ஹாலோகிராம் என்னும் முப்பரிமாணப் படத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு.

சாதாரணப் புகைப்படம் ஒளியின் பிரகாசத்தை மட்டுமே பதிவு செய்கிறது. ஒளியும் ஓர் அலைதான். ஆனால் தகட்டை அடைந்த கணத்தில் அவ்வலை முகட்டில் இருந்ததா, பள்ளத்தில் இருந்ததா என்பது படத்தில் பதிவதில்லை. பொருளின் ஆழம் அங்கேயே தொலைந்து போகிறது. 1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் பணியாற்றிய ஹங்கேரிய விஞ்ஞானி டெனிஸ் காபர், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைச் சீர்படுத்த முயன்றபோது, இதை மீட்கும் உபாயத்தைக் கண்டார். 1971இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உபாயம் எளியது. மைசூர்க் குக்கரஹள்ளி ஏரியில் இரு கற்களை எறிந்து பாருங்கள். வளையங்கள் சந்திக்குமிடத்தில் முகடும் முகடும் கூடினால் நீர் எழும்பும். முகடும் பள்ளமும் கூடினால் அடங்கும். அவ்வாறே, பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியோடு, பொருளைத் தொடாத மற்றோர் ஒளிக்கற்றையையும் தகட்டில் மோதவிட்டால், அங்கே நுண்ணிய கோடுகள் படியும். அக்கோடுகளில் அலையின் முழுச் செய்தியும் அடங்கியிருக்கிறது. பின்னர் அத்தகட்டின்மீது அதே இரண்டாவது ஒளியைப் பாய்ச்சினால், பொருளிலிருந்து வந்த அலையே மீண்டும் எழுந்து நம் கண்ணை அடைகிறது. தலையை அசைத்தால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். தகட்டை உடைத்தால், ஒவ்வொரு துண்டிலும் முழு உருவம் தெரியும். சாளரம் மட்டும் சிறுத்துவிடும்.

இதற்கு ஒழுங்கு குலையாத ஒளி வேண்டும். 1960இல் லேசர் பிறந்த பின்பே அது கைவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேடார் ஆராய்ச்சியில் இருந்த எம்மெட் லீத், யூரிஸ் உபாட்னியெக்ஸ் என்னும் இருவரும் 1964இல் ஒரு பொம்மை ரயிலை இவ்வாறு காட்டினர். வானொலியில் பேச்சைச் சுமந்து செல்லும் அலையைப் போலவே, இரண்டாவது ஒளிக்கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சியதே அவர்கள் செய்த புதுமை. படம் எடுக்கும்போது தகடு ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் சில பங்கு அசைந்தாலும் எல்லாம் வீண்.

மேடையில் தோன்றும் ‘ஹாலோகிராம்’ உருவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 பொதுத் தேர்தலில் பல ஊர் மேடைகளில் ஒரே வேளையில் தலைவரின் உருவம் தோன்றியதை மக்கள் அவ்வாறே அழைத்தனர். அது ஹாலோகிராம் அன்று. சாய்த்து வைத்த தெளிந்த திரையில் பிம்பத்தைப் பிரதிபலிக்கச் செய்யும் தந்திரம் அது. 1862இலேயே லண்டனில் பெப்பர் என்பவர் கண்ணாடியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்.

மைசூரில் 1996 முதல் ரூபாய் நோட்டு அச்சாகிறது. நம் நோட்டுகளில் ஹாலோகிராம் இல்லை. சாய்த்தால் நிறம் மாறும் இழை, மறைந்திருந்து தோன்றும் எண் போன்றவையே காவல். யூரோ நோட்டுகளிலும், நம் வாக்காளர் அட்டையிலும் ஹாலோகிராம் உண்டு. மருந்துப் பெட்டிகளிலும் அதை ஒட்டுகின்றனர். இவ்வகை ஒட்டுகளில் கோடுகளை உலோக அச்சில் செதுக்கி, பிளாஸ்டிக் தாளில் அழுத்தி எடுப்பர், ஆகையால் மலிவு. மலிவாதலால் போலியும் எளிது! பளபளக்கும் வெறும் தகட்டுத் தாளை ஒட்டி நோயாளியை ஏமாற்றுவோரும் உண்டு. சாய்த்துப் பார்த்து, உருவம் இடம் மாறுகிறதா, ஆழம் தெரிகிறதா என்று சோதிப்பது நல்லது. அவ்வாறு தெரிந்தாலும் அதுவே முடிவான சான்று ஆகாது; விற்பவர் யார் என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும்.

எனக்கு இதைவிட மதிப்பாகத் தோன்றுவது தொழிற்சாலைப் பயன். டயரை ஒருமுறையும், காற்றழுத்தத்தை மாற்றி மறுமுறையும் ஒரே தகட்டில் பதிவு செய்தால், இரு அலைகளும் கலந்து டயர்மேல் வரிவரியாகக் கோடுகள் தோன்றும். உள்ளே பிளவு இருக்கும் இடத்தில் அவ்வரிகள் வளைந்து சுருண்டிருக்கும்; டயரை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை.