கண் நிலைத்தால் கை நிலைக்கும்



மூன்றடிக்கும் குறைந்த தூரம். பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்த வேண்டும். இதில் என்ன கடினம் என்பீர்கள். 1970ஆம் ஆண்டு, ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் மைதானத்தில் நடைபெற்ற பிரித்தானியத் திறந்த கோல்ப் போட்டியின் கடைசிக் குழியிலே, டக் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்கர் இத்தகைய தட்டலொன்றையே தவறவிட்டார். கைக்கெட்டிய வெற்றி நழுவிற்று. மறுநாள் ஜாக் நிக்லஸிடம் தோற்றார். பழகாத கையா அது? அன்று. நெருக்கடி பழக்கத்தையும் அசைத்துவிடும். பரீட்சை மண்டபத்திற் பேனை நடுங்கிய நாம் இதனை அறிவோம்.

கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் விக்கர்ஸ், கோல்ப் ஆடுவோரின் பார்வையை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார். தேர்ந்தோர் கண் பந்தில் நிலைத்தது. மற்றையோர் கண் அலைந்தது. நிலைத்த அப்பார்வை பின்னர் 'அமைதிக் கண்' எனும் கருத்துடைய பெயர் பெற்றது.

பயிற்சி எளிது. குழியை நோக்கித் திசையறிந்தபின், பந்தின் பின்புறத்தே ஒரு புள்ளியில் இரண்டு மூன்று வினாடிகள் கண்ணை நிறுத்துக. தட்டிய பின்னரும் கணநேரம் பந்திருந்த இடத்தையே நோக்குக. உடனே தலை தூக்கலாகாது.

இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர், தேர்ந்த ஆட்டக்காரர் 22 பேரைக் கொண்டு இதனைச் சோதித்து 2011இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர், முன்னையிலும் ஆட்டத்துக்குச் சராசரி 1.9 தட்டல்கள் குறைவாகவே எடுத்தனர். நெருக்கடியிலும் அவர்கள் பார்வை கலையவில்லை.

'பதறாதே' என்றால் நெஞ்சு கேளாது. 'இங்கே பார்' என்றாற் கண் கேட்கும். கேட்கும் உறுப்புக்கே கட்டளையிடுவோம்.