உப்புத் தண்ணீரும் கீசரும்

"வாங்கின புதுசில் ரெண்டு வாளி வெந்நீர் வரும், இப்போ ஒன்றரை வாளியிலேயே ஆறிப்போகுது" என்ற குறை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. காரணம் போர் தண்ணீர்.

தண்ணீரிலுள்ள கால்சியம், சூடேறும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து காயிலில் படிகிறது. முட்டை ஓடு போல வெள்ளையாக இருக்கும். தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு எளிதில் விடாது; காயில் தன் சூட்டிலேயே கருகிவிடும். உதிர்ந்தது அடியில் தங்கி, தண்ணீர் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காஸ் கீசரிலோ, தண்ணீருக்குள் போகாத சூடு புகையோடு வெளியேறி வீணாகிறது.

பாலாற்றுக் கரைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, பதனிடும் இடங்களில் கழுவப்பட்டு, பல ஆண்டுகளாக நிலத்தடி நீரில் கலந்தது. தோல் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. நீரில் கலந்த இந்த உப்பு படியாது, கீசரின் தொட்டியை அரிக்கும். தொட்டியைக் காக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாக அது கரையும். கிணறு கெட்டுப்போன குடும்பமே கீசருக்கும் செலவழிப்பது அநியாயம்தான்.

சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், படிவு குறையும். வருடம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, மெக்கானிக்கை வைத்துக் காயிலைச் சுத்தம் செய்யுங்கள். மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள இரும்பு தெரிந்தால் அதை மாற்றிவிட வேண்டியதுதான்.