ஏடு புதிது, எழுதும் கை எது?



யாராலும் திருத்த முடியாத கணக்கேடு ஒன்று வந்துவிட்டது என்கிறார்கள். பிளாக்செயின் என்று அதற்குப் பெயர். பெயர் கேட்டு மிரள வேண்டாம். ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் ஏடு அன்று அது. வணிகத்தில் பங்குகொண்ட பலரது கணிப்பொறிகளிலும் ஒருங்கே இருக்கும் ஏடு. ஒவ்வொரு பக்கத்தையும் முந்திய பக்கத்தோடு கணித முத்திரை பிணைத்து நிற்கிறது. நேற்று எழுதியதை ஒருவர் கமுக்கமாக மாற்றினால், முத்திரை உடையும். மற்றவர் ஏடுகள் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

நல்ல ஏற்பாடு, மறுப்பார் இல்லை. பயனும் கண்டார்கள். கடையிலிருந்த மாம்பழத் துண்டுகள் எந்தப் பண்ணையில் விளைந்தவை என்று தேட வால்மார்ட் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 7 நாட்கள் பிடித்தன. ஐ.பி.எம். துணையோடு நடத்திய சோதனையில், 2017-இல், 2.2 விநாடிகளில் விடை கிடைத்தது! 2018-இல் லூயி டிரைஃபஸ் நிறுவனம் 60,000 டன் அமெரிக்க சோயாவை இவ்வழியே சீனத்துக்கு விற்றது. கார்கில், பங்கே, ஏ.டி.எம். முதலிய தானியப் பெருவணிகர்கள் கூடி, 2020-இல் ஜெனீவாவில் கோவாண்டிஸ் என்ற நிறுவனத்தையே அமைத்தனர். 2021-இல் பிரேசில் நாட்டுச் சோயாவும் மக்காச்சோளமும் கப்பலேறும் கணக்கு அதில் ஏறத் தொடங்கியது.

கப்பலேறும் கணக்கு ஏறியது. களத்துமேட்டுக் கணக்கு ஏறியதா? விற்றவர், வாங்கியவர், வங்கி, கப்பல், எல்லோர்க்கும் ஏட்டில் இடமுண்டு. விளைவித்தவனுக்கு?

எண்ணிப் பாருங்கள். எடைமேடையில் நூறு கிலோவைத் தொண்ணூற்றைந்து என்று ஒரு கை எழுதுகிறது. அந்த ஏட்டுக்கு உண்மை தெரியுமா? தெரியாது. எழுதியதைக் காப்பதே அதன் வேலை. எடையைச் சரிபார்ப்பது அதன் வேலையன்று. முன்பு பொய்க்கணக்கு காகிதத்தில் இருந்தது. இனி முத்திரையிட்டு, பல நாடுகளில் பத்திரமாக இருக்கும். கல்லில் செதுக்கினாலும் பொய் பொய்தானே! திருத்தக் குறிப்புச் சேர்க்க வழியுண்டு என்பர். உண்டு, ஆனால் ஏட்டின் சாவி இல்லாதவன் எதைச் சேர்ப்பான்?

எனவே, இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. சாவியில் பங்கு கேட்கிறோம். எடை பதிவாகும் நொடியில் உழவனின் ஒப்புதல் வேண்டும். தரமும் விலையும் அவன் மொழியில் அவன் படிக்க வேண்டும். பெருவணிகர் அமரும் மேசையில் உழவர் கூட்டுறவுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

மாம்பழம் எங்கிருந்து வந்தது என்று 2.2 விநாடியில் சொல்லும் ஏடு, அதற்கு உழவன் பெற்ற விலை என்ன என்பதையும் சொல்லட்டும். அன்று அதை உண்மை ஏடு என்று ஒப்புவோம். அதுவரை கேட்போம், ஓயாது கேட்போம்: எழுதும் கை எது?